வலப்பக்கம் சாயாத முள்

பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே, ஹேண்டில்பாரின் நடுவில், சின்னதாக ஒரு கண்ணாடி வட்டம் இருக்கும். ஆம்ப் மீட்டர். நடுவில் சுழியம், இடப்பக்கம் கழித்தல் குறி, வலப்பக்கம் கூட்டல் குறி. நிறையப் புல்லட்காரர்களுக்கு அது வண்டியைக் கிளப்பத் துணை செய்யும் கருவி, அவ்வளவுதான். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் சரிந்து மறுபடி நடுவுக்கு வரும். பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் பேட்டரியிலிருந்து கரண்ட் இழுக்கிறது, முள் சரிகிறது. பாயிண்ட் திறந்ததும் இழுப்பு நிற்கிறது, முள் நடுவுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, கிக்கரை மேலே விட்டு முழு உதை கொடுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கியர் போடக் கற்றுத் தருவதற்கு முன்பே சித்தப்பா எனக்குக் கற்றுத் தந்தது இதைத்தான்.

ஆனால் அந்த முள்ளின் உண்மையான வேலை இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா, பேட்டரியிலிருந்து வெளியே வருகிறதா என்று வண்டியில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அது வலப்பக்கம் சாயாமல் போன ஒரு வருடத்தில்தான் நான் சார்ஜிங் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவு சங்கமொன்றில் கணக்கு பார்த்தவர். அவருடைய 350 சிசி புல்லட் 1974இல் வாங்கியது. 6 வோல்ட் வண்டி. தொண்ணூறுகளின் நடுவில், முழங்கால் வலியால் அவர் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த வண்டியைத் திரும்ப எடுத்தார். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து, சேஸிஸ் வரைக்கும் கழற்றி, சுரண்டி, புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்து, டேங்கில் தங்க நிறக் கோடு இழுத்து வண்டி வந்தது. அப்படிப் பளபளத்த புல்லட்டை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில்தான் பிடித்தது சனி. வாலாஜாபாத் தாண்டி வரும்போது ஹெட்லைட் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் இறங்கும். ஹாரன் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு இன்ஜின் விட்டுவிட்டு இழுத்து, பாலாற்றங்கரையின் இருட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் மறுபடியும் கிளம்பும், சிறிது தூரம் ஓடும், மறுபடியும் நிற்கும். இந்தக் கடைசிக் குணம்தான் எல்லோரையும் குழப்பியது. ஓய்வு கொடுத்தால் ஓடுகிறதே, அப்படியென்றால் பெட்ரோல் அடைப்பு என்றார்கள். கார்புரேட்டரைக் கழுவினார்கள். சாவு விளிம்பில் இருக்கிற பேட்டரி, சுமையை எடுத்துவிட்டால் சற்று நேரத்தில் வோல்ட்டேஜ் மீண்டு எழும் என்பதை யாரும் நினைக்கவில்லை. காயில் இக்னிஷன் வண்டியில் பிளக்கில் பொறி விழுவதற்கே பேட்டரி வேண்டும். பேட்டரி காலியானால் முதலில் வெளிச்சம் போகும், அடுத்து இன்ஜின் போகும்.

சார்ஜ் ஏறவில்லை என்று கண்டுபிடித்த பிறகும் நடந்தது என்னவோ பொருள் மாற்றும் படலம்தான். முதலில் புதுப் பேட்டரி. அது சில நாள் தாங்கியது. பிறகு, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர். பிறகு, சார்ஜிங் காயில் சுற்ற வேண்டும் என்றார்கள்.

காயில் சுற்ற எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வண்டியின் அமைப்பில் எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. இடப்பக்கக் கால்மிதியைக் கழற்றிவிட்டால், பிரைமரி செயின் கேஸின் பெரிய மூடி நடுவிலிருக்கிற ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. அதைத் திருகினால் மூடி முழுதாகக் கையோடு வருகிறது. உள்ளே எண்ணெயில் நனைந்த இரட்டைச் செயின், கிளட்ச், கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் காந்த ரோட்டர், அதைச் சுற்றி மூன்று ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டர். ஸ்டேட்டரில் ஆறு காயில். காந்தம் நடுவில் சுழல்கிறது, சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. டைனமோவைப் போல் கார்பன் பிரஷ் கிடையாது, உரசித் தேய எதுவும் கிடையாது. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு, அதாவது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு பக்கம் ஒட்டினால் ரோட்டரின் மேல் பளபளவென்று உரசல் தடம் விழும். நாங்கள் பார்த்த ரோட்டரில் தடம் எதுவும் இல்லை. சுருள்களிலும் கருகல் இல்லை. இருந்தும் சுற்றினார்கள். சுற்றி மாட்டிய பிறகும் முள் நடுவிலேயே நின்றது. ஹெட்லைட்டைப் போட்டால் இடப்பக்கம் சாய்ந்தது.

அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றிப் புதுப்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கிடைக்காத உதிரிப் பாகம் இல்லை. பிரித்துப் போட்ட அம்பாஸடர் கதவுகளும் லாரி ஆக்ஸில்களும் குவிந்துகிடக்கும் சந்தொன்றில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த பெரியவரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய முக்கியமான கருவி ஒரு பழைய 6 வோல்ட் ஹெட்லைட் பல்பு. ஹோல்டரில் இரண்டு வயரைப் பற்றவைத்து, முனைகளில் முதலைக் கிளிப் போட்டிருப்பார். நான் ரிச்சி தெருவில் வாங்கிய டிஜிட்டல் மல்ட்டிமீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்து, “நல்ல சாமான் தம்பி, வச்சுக்க, தேவைப்படும்” என்று பெஞ்சில் வைத்தார்.

முதல் நாள் வண்டியைத் தொடவே இல்லை. பேட்டரியைக் கழற்றி, மூன்று அறைகளிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். மூன்றும் 1.150க்குக் கீழே இருந்தன. “மூணும் ஒண்ணா எறங்கியிருக்கு. பேட்டரி கெட்டா ஒரு அறை மட்டும் படுக்கும். இது பசியில கெடக்கு.” டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, குறைந்த ஆம்பியரில் இரவு முழுக்க சார்ஜ் போட்டார். காலையில் 1.250ஐத் தொட்டிருந்தது. ஹெட்லைட் பல்பை மாட்டி எரியவிட்டு வோல்ட்டேஜைப் பார்த்தோம், சரியவில்லை. சும்மா இருக்கிற பேட்டரியின் வோல்ட்டேஜை நம்பக் கூடாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். தகடுகளில் சல்ஃபேட் படிந்த பேட்டரியும் ஓய்வில் 6.3 காட்டும். ஒரு பல்பைக் கொடுத்தால் 5க்குக் கீழே விழுந்துவிடும்.

அடுத்து ஸ்டேட்டர். செயின் கேஸிலிருந்து வெளியே வரும் மூன்று வயர்களையும் இணைப்பில் பிரித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டு வயராகப் பல்பை மாட்டினார். “ரேஸ் பண்ணாத. கட்டுப்படுத்த ஆளில்ல, பல்பு போயிடும்.” எந்த இரண்டை எடுத்தாலும் பல்பு ஸ்லோ ஸ்பீடிலேயே எரிந்தது. பிறகு இன்ஜினை நிறுத்தி, பேட்டரியோடு பல்பைத் தொடராக வைத்து ஒவ்வொரு வயரையும் வண்டியின் உடம்போடு தொட்டுப் பார்த்தார். எரியவில்லை, காயில் எங்கும் எர்த் ஆகவில்லை. ரெக்டிஃபையரையும் அதே பல்பால் சோதித்தார். நான்கு டயோடுகளும் ஒரு திசையில் விட்டன, மறு திசையில் மறுத்தன.

அந்த ரெக்டிஃபையர் புதுசு, சிலிக்கான். முன்பு வண்டியில் இருந்தது செலினியம் தகடுகளை வரிசையாகக் கோத்த பழைய வகை. அதன் நடு போல்ட்டைத் திருகித் தகடுகளை நகர்த்திவிட்டால் உள்ளே தொடர்பு கெட்டுவிடும் என்று பாய் எச்சரித்தார். செலினியம் வயதாக ஆக உள்ளே தடை கூடிக்கொண்டே போகும். அதை மாற்றியது நல்ல காரியம்தான், ஆனால் நோய் அதில் இல்லை.

ஆக, உற்பத்தி செய்கிற ஸ்டேட்டர் சரி, மாற்றித் தருகிற ரெக்டிஃபையர் சரி, சேர்த்துவைக்கிற பேட்டரி சரி. மூன்றும் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லை.

“இப்பதான் மீட்டரை எடு” என்றார். எல்லாவற்றையும் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டார். மீட்டரின் ஒரு முனையை ரெக்டிஃபையரின் உடம்பில் வைக்கச் சொன்னார், மறுமுனையைப் பேட்டரியின் எர்த் டெர்மினலில். இரண்டும் வண்டியின் சேஸிஸில்தான் இணைந்திருக்கின்றன. சுழியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

“ஒரே பாடி. ரெண்டு எடத்துல ரெண்டு வோல்ட்டா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “கரண்டு வர்ற வழிய எல்லாரும் பாக்கறான் தம்பி. திரும்பிப் போற வழிய எவனும் பாக்கறதில்ல.”

ரெக்டிஃபையரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் அழகான, கெட்டியான, கறுப்பு பெயிண்ட். சித்தப்பா ஆசையாக அடிக்கச் சொன்ன பெயிண்ட். பேட்டரியின் எர்த் வயர் உட்காரும் இடத்திலும் அதே பெயிண்ட். போல்ட்டின் மரையில் கிடைத்த கொஞ்சம் உலோகத் தொடர்பு வழியாகத்தான் அத்தனை நாளும் மொத்த கரண்டும் நெருக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் இன்றும் முதலில் கேட்பது இதைத்தான்: பெயிண்ட் அடித்த பிறகு எர்த் இடங்களைச் சுரண்டினீர்களா? வெளியே தெரியாத நாணயம் அளவு இடம் போதும். வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினால் துருவும் பிடிக்காது. பாய் அதோடு விடாமல் ரெக்டிஃபையரின் உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த்துக்குத் தனியாகத் தடித்த வயர் ஒன்றும் இழுத்தார்.

இன்ஜின் ஓடியது. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் இடப்பக்கம் இறங்கி, வேகம் ஏற ஏற நடுவைக் கடந்து வலப்பக்கம் போனது. சித்தப்பாவுக்கு அப்போதே போன் போட்டுச் சொல்லலாம் என்று எழுந்தேன். வண்டியை ஓரமாக நகர்த்த ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினேன். முள் மறுபடியும் விழுந்தது. நேராக்கினேன், எழுந்தது.

இதற்குக் காரணம் சொல்ல இந்த வண்டியின் வயரிங் எப்படி ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தபோது, அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளின் மின் அமைப்பும் கூடவே வந்தது. அந்த அமைப்பில் ரெகுலேட்டர் என்று தனியாக ஒன்று இல்லை. ஹெட்லைட் சுவிட்ச்தான் ரெகுலேட்டர். பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது ஆறு காயில்களில் இரண்டு மட்டும் பேட்டரிக்கு வேலை செய்யும். மற்றவற்றைத் தங்களுக்குள்ளேயே குறுக்காக இணைத்துச் சுவிட்ச் அடக்கிவைக்கும். ஹெட்லைட்டைப் போட்டால் ஆறும் சேர்ந்துகொள்ளும். செலவு கூடும்போது வரவும் கூடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத காலத்தில் வெறும் சுவிட்சைக் கொண்டு இதைச் செய்தவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்னும் மரியாதை வருகிறது. சித்தப்பாவின் வண்டி பகலில் தப்பித்து இரவில் படுத்ததற்கும் இதில் விடை இருக்கிறது: பகலில் இக்னிஷனுக்கு மட்டும் ஈடுகொடுத்தால் போதும், அந்த மெலிந்த எர்த்தே அதற்குத் தாங்கியது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. ஸ்டேட்டரிலிருந்து கரண்ட் ஹெட்லைட்டிலுள்ள சுவிட்சுக்கு ஏற வேண்டும், அங்கிருந்து சீட்டுக்கு அடியில் ரெக்டிஃபையருக்கு இறங்க வேண்டும், மறுபடி ஆம்ப் மீட்டருக்கு ஏறி, பேட்டரிக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹேண்டில் திரும்புகிற அந்தக் கழுத்தைக் கடக்கிறது. இருபது வருடமாக ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்த வயர்கள் அவை. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

நான் மல்ட்டிமீட்டரைக் கன்டினியுட்டிக்கு வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். எல்லாமே கீச்சென்று கத்தின, ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும். பாய் தன் பல்பை அதே வயர்களில் ஒவ்வொன்றாகத் தொடராகப் போட்டார். ஒரு வயரில் மட்டும், ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பியதும் வெளிச்சம் பாதியாகியது.

“மீட்டரு கொஞ்சூண்டு கரண்டு விட்டுப் பாக்குது. ஒரு இழை இருந்தாலும் சரிங்கும். ஒத்தையடிப் பாதையில ஆள் போலாம், லாரி போவுமா?”

வயர்க்கட்டின் துணி டேப்பைப் பிரித்து அந்த வயரை இரண்டு கை விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினார். ஓரிடத்தில் மட்டும் உறை ரப்பராக நீண்டது. உள்ளே செம்பு பிடித்திருந்தால் நீளாது. அங்கே வெட்டியபோது பச்சை பூத்த தூளும் இரண்டொரு இழையும்தான் இருந்தன. அந்தச் சோதனையை அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் செய்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடுகிறது.

6 வோல்ட் வண்டியில் இந்த மாதிரிக் கோளாறு ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே அரை வோல்ட் போய்விடும். ஆறில் அரை, பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே 30 வாட் 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே தடையில் கால் வோல்ட்தான் போகும். பன்னிரண்டில் கால், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. துரு, பெயிண்ட், அறுந்த இழை எதுவானாலும் 6 வோல்ட்டில் சேதம் நான்கு மடங்கு. ‘6 வோல்ட்டே உருப்படாது’ என்று அந்த நாட்களில் கேட்ட ஆலோசனைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதுப்பேட்டையிலேயே ஒரு கடைக்காரர், ரெகுலேட்டர் வைத்து 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். அது தப்பான யோசனை இல்லை. ரோட்டரும் ஸ்டேட்டரும் சேர்ந்த ஆல்டர்னேட்டருக்கு 6 வோல்ட், 12 வோல்ட் என்ற பிறவிக் கட்டு கிடையாது. வேகம் கூடக் கூட அதன் வோல்ட்டேஜ் தானாகவே ஏறும், பேட்டரியும் ரெகுலேட்டரும்தான் அதை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. தினமும் இரவில் நெடுந்தூரம் போகிறவர் மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் வயரிங்கைச் சரிபார்க்காமல் வோல்ட்டை ஏற்றுவது நோயை மூடிவைக்கும் வேலை. அறுந்த வயர் 12 வோல்ட்டிலும் ஒருநாள் முழுசாக அறும். சித்தப்பாவின் வண்டியை 6 வோல்ட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம், அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

பாய் அந்த ஒரு வயரோடு நிற்கவில்லை. ஒன்று போன இடத்தில் கூடவே வளைந்த மற்றதும் போகும் என்று கழுத்து வழியே போகிற வயர்கள் அத்தனையையும் மாற்றினார். நிறம் பார்த்து, அளவு பார்த்து, ஒவ்வொரு முனையிலும் லக் வைத்து நசுக்கி, ஈயம் வைத்தார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எங்கேயும் இழுபடாமல் கொஞ்சம் தளர்ச்சி விட்டுக் கட்டினார். வயர்க்கட்டை இன்ஜின் பக்கமே போகவிடாமல் தள்ளிவைத்தார், சூட்டில் உறை இறுகிப்போகும் என்று. ஆம்ப் மீட்டருக்குப் பின்னாலிருந்த இரண்டு நட்டுகளையும் இறுக்கி, மேலே ரப்பர் தொப்பி மாட்டினார். மொத்த சார்ஜும் அந்த இரண்டு நட்டு வழியாகத்தான் போகிறது. அதிர்வில் ஒன்று தளர்ந்து உடம்பில் தொட்டால் ஃபியூஸ் இல்லாத அந்தக் காலத்து வயரிங் முழுசும் புகைந்துவிடும். ஆகவே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்தார். அந்த வண்டியில் அவர் புதிதாகச் சேர்த்தவை அந்த எர்த் வயரும் இந்த ஃபியூஸும் மட்டும்தான்.

வேலை முடிய இருட்டிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த சித்தப்பா, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். “பாய், பெயிண்டைச் சுரண்டினதுதான் கொஞ்சம் வலிக்குது” என்றார். “வெளிய தெரியாது சார். உங்க வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது” என்றார் பாய்.

என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பாய் பின்னால் ஏறிக்கொண்டார். எழும்பூர்ப் பக்கம் பாந்தியன் சாலையில் போனோம். ஹெட்லைட் எரிந்தது. மூன்றாவது கியரில் முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் கோடளவு சாய்ந்து நின்றது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். “ஹாரன் அடி.” முள் இடப்பக்கம் துள்ளித் திரும்பியது. “பிரேக்கை மிதி.” பிரேக் லைட்டுக்கு இறங்கியது, காலை எடுத்ததும் ஏறியது. “ஹேண்டிலை ஆட்டு, மெதுவா.” இடமும் வலமும் ஆட்டினேன். முள் அசையவில்லை. மியூசியம் வாசல் வரைக்கும் அதையே பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

“திருப்பு தம்பி. கடை தொறந்தே கெடக்கு.”